ஒரு சிகரெட் எரியும் நேரம்... பாரிஸின் ராத்திரியைப் பிடித்துவைத்த பிராஸாய்!

உங்க போன்ல நைட் மோடு இருக்கா? இருக்கும். இருட்டான ஒரு தெருவைப் பார்த்துப் பிடிச்சு பட்டனைத் தட்டினா, மூணு செகண்ட் கையை ஆட்டாம வைக்கச் சொல்லும். அந்த மூணு செகண்டுக்குள்ள போன் வரிசையா நிறைய படங்களை எடுத்து, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, உங்க கை ஆடினதைச் சரிபண்ணி, வெளிச்சத்தை ஏத்தி, பளிச்சுனு ஒரு படத்தை நீட்டிடும். பிடிக்கலையா? டெலிட். அடுத்தது!

இப்போ கொஞ்சம் மனசை 1930-களுக்குக் கொண்டுபோங்க. பாரிஸ் நகரம். நேரம் ராத்திரி 2 மணி. தெரு முழுக்க மூடுபனி. ஒருத்தர் ட்ரைபாடைத் தெருவோரமா ஊன்றி, அதுமேல ஒரு மடிப்பு கேமராவை மாட்டி, லென்ஸைத் திறந்து விட்டுட்டு, பக்கத்திலேயே நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறார். சிகரெட் எரிந்து தீரும்வரை லென்ஸ் திறந்தே இருக்கும். தீர்ந்ததும் மூடுவார். ஸ்டாண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்பார். படம் விழுந்ததா, இல்லையா? விடிந்து அறைக்குத் திரும்பி, கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் பெயர் பிராஸாய். ராத்திரி போட்டோகிராபி என்று யார் பேச ஆரம்பித்தாலும், சுற்றி வளைத்துக் கடைசியில் இவரிடம்தான் வந்து நிற்பார்கள். (புகைபிடித்தல் உடல்நலத்துக்குத் தீங்கானது மக்களே... இந்தக் கதையில் சிகரெட்டை ஒரு கடிகாரமா மட்டும் பாருங்க.)

பிராஸாய் என்பது அவருடைய சொந்தப் பெயர் கிடையாது. இயற்பெயர் ஜ்யூலா ஹாலாஸ். 1899 செப்டம்பர் 9-ம் தேதி, ட்ரான்ஸில்வேனியாவில் இருக்கும் பிராஸோ என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் இருந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் ருமேனியாவுக்குப் போய்விட்டது. இன்றைக்கு அந்த ஊரின் பெயர் பிராஷோவ். பிராஸாய் என்றால் பிராஸோக்காரர். நம்ம ஊரில் பெயருக்கு முன்னாடி ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்கிற மாதிரி, இவர் ஊர்ப் பெயரையே முழுப் பெயராக்கிக்கொண்டார். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அப்பா பிரெஞ்சு இலக்கியம் சொல்லித்தரும் பேராசிரியர். பையனுக்கு நாலு வயசு இருக்கும்போது குடும்பம் ஒரு வருஷம் பாரிஸில் இருந்தது. அந்த ஒரு வருஷம் அவனுக்குள் எங்கேயோ ஒட்டிக்கொண்டது. வளர்ந்தபிறகு ஓவியன் ஆக வேண்டும், அதுவும் பாரிஸில் ஆக வேண்டும் என்பதுதான் கனவு. ஆனால் இடையில் போர் வந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரி படையின் குதிரைப்பிரிவில் இருந்தார். போர் முடிந்ததும், தோற்ற நாட்டுக்காரன் என்பதால் பிரான்ஸுக்குள் போக வழியில்லை. புடாபெஸ்ட்டில் ஓவியம் படித்தவர், 1920-ல் பெர்லினுக்குப் போய் அங்கேயும் படித்தார். ஒருவழியாக 1924-ல் பாரிஸ் வந்து இறங்கினார். அதற்குப்பிறகு பிறந்த ஊரில் குடியேறத் திரும்பவே இல்லை.

வந்துட்டார். சாப்பாட்டுக்கு? ஹங்கேரி, ஜெர்மனி பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், கேலிச்சித்திரம் வரைந்தார். மார்செல் ப்ரூஸ்ட்டின் நாவல்களைப் படித்துப் படித்தே பிரெஞ்சைப் பழகிக்கொண்டார். (டூயோலிங்கோவில் 10 நாள் ஸ்ட்ரீக் தாண்டாதவர்கள் கவனிக்கவும். ப்ரூஸ்ட்டின் ஒரு வாக்கியம் சில சமயம் ஒரு பக்கத்துக்கு ஓடும்!) ஊரில் இருந்த அப்பா, அம்மாவுக்கு விடாமல் கடிதம் எழுதினார். பாதிக் கடிதங்களில் பணக்கஷ்டம்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 30 வயதுவரை இவர் கேமராவைத் தொட்டதே இல்லை. தொடாதது மட்டுமா, போட்டோகிராபி என்றாலே ஓர் இளக்காரம். ஓவியம்தான் கலை, பட்டனை அமுக்குவதெல்லாம் ஒரு வேலையா என்கிற ரகம். கட்டுரையோடு அனுப்பப் படம் வேண்டுமென்றால் பழைய படங்களைத் தேடிப் பிடிப்பார், அல்லது வேறொருவரை எடுக்கச் சொல்வார்.

பகலில் தூங்கிய மனுஷர்

பிராஸாய் தங்கியிருந்தது 13-வது வட்டாரத்தில் ஹோட்டல் தெ தெராஸ் என்ற சாதாரண ஓட்டல். பொழுது சாயும்போது எழுந்திருப்பார். விடியும்போது வந்து படுப்பார். நடுவில் இருக்கிற நேரம் முழுக்க நடை. கவிஞர் லெயோன்-போல் ஃபார்க் மாதிரி ராத்திரிப் பறவைகள் சிலர் நண்பர்கள். எழுத்தாளர் ஹென்றி மில்லரும் 1930-க்குப் பிறகு சேர்ந்துகொண்டார். சில நாள் கூட்டமாக, பல நாள் தனியாக.

அப்படி நடக்கும்போது கண்ணில் பட்டது எல்லாம் மனசுக்குள் குவிந்துகொண்டே போனது. விடியற்காலையில் மீன், காய்கறி மூட்டைகளைச் சுமக்கும் லே ஆல் சந்தைத் தொழிலாளிகள். ட்ராம் தண்டவாளத்தைத் தீப்பொறி பறக்கத் தேய்க்கிறவர்கள். கழிவுத்தொட்டி சுத்தம் செய்கிறவர்கள். பாலத்துக்கு அடியில் படுத்திருக்கும் வீடில்லாதவர்கள். நாளைக்கு எல்லோரும் சாப்பிடப்போகிற ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருக்கும் பேக்கரிக்காரர்கள். இதை எப்படி வெளியே எடுப்பது? வரைந்தால் நாள் கணக்காகும். எழுதினால் பாதிதான் வரும். அவ்வளவு நாள் இளக்காரமாகப் பார்த்த கேமராதான் வழி என்று அவருக்குப் புரிந்தது இங்கேதான்.

இந்த இடத்தில் இன்னொரு ஹங்கேரிக்காரரைச் சொல்லியாக வேண்டும். ஆந்த்ரே கெர்டெஸ். பாரிஸில் அப்போதே பெயர் வாங்கிய போட்டோகிராபர். பிராஸாயின் கட்டுரைகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர். ராத்திரியிலும் படம் எடுக்க முடியும் என்று பிராஸாய்க்குக் காட்டியவரும் அவர்தான். பின்னாளில் ராத்திரி போட்டோகிராபி என்றாலே பிராஸாய் என்று ஆனபோது கெர்டெஸுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தப்பு சொல்ல முடியாது. கதவைத் திறந்துவிட்டவர் வாசலிலேயே நிற்க, பின்னால் வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டால் யாருக்குத்தான் வலிக்காது? என் கணக்கில், கெர்டெஸ் ராத்திரியை எட்டிப் பார்த்தார். பிராஸாய் அங்கேயே குடித்தனம் பண்ணினார்.

இப்போ பெயர் விஷயத்துக்கு வருவோம். கேமரா வேலைக்கு பிராஸாய் என்ற புனைப்பெயர் போதும், ஜ்யூலா ஹாலாஸ் என்ற சொந்தப் பெயரைப் பிற்காலத்தில் வரையப்போகும் ஓவியங்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். நடந்ததோ தலைகீழ். இன்றைக்கு அந்தச் சொந்தப் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு படத்துக்கு என்னென்ன பாடு!

அவர் வாங்கிய கேமரா, வாய்க்லாண்டர் கம்பெனியின் பெர்க்ஹைல். உள்ளே போடுவது நம்ம அப்பா காலத்து 36 படங்களின் ஃபிலிம் ரோல் கிடையாது. 6.5-க்கு 9 சென்டிமீட்டர் அளவில் கண்ணாடித் தகடு. ஃபிலிமில் பூசியிருக்கும் அதே ஒளி வாங்கும் பூச்சுதான், கண்ணாடிமேல் பூசியிருக்கும். ஃபிலிம் ரோலுக்கு அண்ணன்னு வெச்சுக்கோங்க. ஒரு தகடு, ஒரு படம். கண்ணாடி என்பதால் கனம். ஒரு ராத்திரிக்கு மொத்தமே இருபதிலிருந்து இருபத்துநாலு தகடுகள்தான் தூக்கிக்கொண்டு போக முடியும். இன்றைக்கு ஒரு ஃபில்டர் காபியை மேலேயிருந்து எடுக்கவே நாம் அத்தனை தடவை தட்டுகிறோம்!

முதல் சிக்கல், ஃபோகஸ். கேமராவின் பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும். அதில் காட்சி தலைகீழாகத் தெரியும். பகலில் சரி. ராத்திரியில் அந்தக் கண்ணாடியில் என்ன தெரியும்? தூரத்தில் ஒரு விளக்குப் புள்ளி. அவ்வளவுதான். அந்தப் புள்ளியை வைத்துத்தான் மொத்தப் படத்தையும் கணக்குப் பண்ண வேண்டும்.

அடுத்தது, நேரம். வெளிச்சத்தை அளக்கும் கருவிகள் அந்த இருட்டில் உதவாது. அதோடு தகட்டுக்கும் ஃபிலிமுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. வெளிச்சம் ரொம்பக் குறைந்துவிட்டால் அது சோம்பேறியாகிவிடும். பாதி வெளிச்சத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுத்தால் போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் நிஜத்தில் அதற்கும் மேலே கொடுக்க வேண்டும். எவ்வளவு மேலே என்பது அனுபவத்தில்தான் வரும். பிராஸாயின் அனுபவம் சிகரெட்டாக இருந்தது. ஓரளவு வெளிச்சம் இருந்தால் ஒரு காலுவாஸ். ரொம்ப இருட்டு என்றால் புவாயார். இந்த இரண்டாவது பிராண்ட் தடிமனானது, நிதானமாக எரியும். வாட்ச்சைப் பார்க்கவும் வெளிச்சம் இல்லாத இடத்தில், வாயில் இருக்கும் கங்கு எங்கே வந்திருக்கிறது என்பதே அவருக்கு டைமர்.

மூன்றாவது சிக்கல்தான் பெரிசு. தெருவிளக்கு. விளக்கு இல்லாமல் படம் இல்லை. விளக்கு நேராகக் கேமராவைப் பார்த்தாலோ படம் காலி! ஏன்னா, பலமான வெளிச்சம் பூச்சைத் தாண்டிக் கண்ணாடியின் பின்பக்கம்வரை போய், அங்கே பட்டுத் திரும்பி வந்து, விளக்கைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டத்தை உண்டாக்கிவிடும். சில நிமிஷம் லென்ஸைத் திறந்து வைத்தால் அந்த வட்டம் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து விழுங்கிவிடும். பிராஸாய் என்ன பண்ணினார்? விளக்கை ஒளித்துவைத்தார். கேமராவை நகர்த்தி நகர்த்தி, விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு மரமோ, தூணோ, சுவரோ வருகிற மாதிரி நிற்பார். விளக்கு தெரியாது. அதன் வெளிச்சம் மட்டும் தெரியும்.

பாரிஸில் நாடக போஸ்டர் ஒட்டுவதற்கென்றே உருளையான தூண்கள் உண்டு, மோரிஸ் தூண் என்பார்கள். மூடுபனியில் அப்படி ஒரு தூண் கறுப்பாக நிற்க, அதன் பின்னாலிருந்து வெளிச்சம் கசிகிற ஒரு படம் எடுத்திருக்கிறார். தேடிப் பாருங்க. தூண் ஒரு மனுஷன் மாதிரி நிற்கும். அழகுக்காக அப்படி நின்றது என்று நினைப்போம். வேறு வழியில்லாமல் நின்ற இடம் அது. அழகு பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

மழையும் பனியும் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். மழை பெய்தால் கல் பாவிய தெரு கண்ணாடியாகி, ஒரு விளக்கை ரெண்டாக்கும். பனி, வெளிச்சத்தைத் தூவி, இருட்டுக்கும் விளக்குக்கும் இருக்கும் வித்தியாசத்தைக் குறைக்கும். மற்றவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் ராத்திரிகளில் இவர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

இன்னொரு விஷயமும் கவனிங்க. லென்ஸ் சில நிமிஷம் திறந்தே இருந்தால், குறுக்கே நடந்துபோகிறவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். கரைந்து போய்விடுவார்கள். நிற்கிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். நடுராத்திரியில் தெருவில் நிற்பது யார்? வாடிக்கையாளருக்குக் காத்திருக்கும் பாலியல் தொழிலாளி. ரோந்து போலீஸ். போக வீடு இல்லாதவர். பகல் வெளிச்சத்தில் யாருமே நின்று பார்க்காத மனுஷர்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி அந்தத் தகடு வேலை செய்தது.

போலீஸ் என்றதும் ஞாபகம் வருது... ராத்திரி 3 மணிக்குக் கால்வாய் ஓரமாக ஒருவர் பெரிய பையோடு, மூணு கால் ஸ்டாண்டோடு நின்றால் போலீஸ் என்ன நினைக்கும்? பிணத்தைத் தள்ளிவிட வந்தவன் என்று நினைக்கும்! பலமுறை மாட்டியிருக்கிறார். ராத்திரியில் படம் எடுக்க முடியும் என்பதையே போலீஸ் நம்பவில்லை. அதனால் ஏற்கெனவே எடுத்த ராத்திரிப் படங்கள் சிலவற்றை எப்போதும் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினார். அதுதான் அவருடைய ஐடி கார்டு.

நோத்ர் தாம் தேவாலயத்தின் மாடிக்கு ராத்திரியில் ஏறியதும் ஒரு சாகசம். காவலுக்கு இருந்த அம்மாவுக்குக் கொஞ்சம் காசு கொடுத்துச் சரிக்கட்டினார். ஆனால், மேலே வெளிச்சம் தெரிந்தால் அந்த அம்மாவின் வேலை போய்விடும். அதனால் ஒரு தீக்குச்சிகூடக் கொளுத்தாமல், சுழல் படிக்கட்டில் சுவரைத் தடவித் தடவி ஏறிப் போனார். அங்கிருந்து, கல் பூதங்களின் தோளுக்கு மேலே பாரிஸ் மின்னுகிற படம் கிடைத்தது.

ஒரு புத்தகம்... ஒரு பாட்டியின் கோபம்

தகடுகளைக் கழுவுவது, பிரிண்ட் போடுவது எல்லாம் அதே ஓட்டலில் தான். படங்கள் சேர்ந்ததும் சார்ல் பெய்ன்யோ என்ற பதிப்பாளரிடம் போனார். அவர் குடும்பத்துக்கு எழுத்துரு வார்க்கும் தொழில், அச்சுக்கலையில் பழுத்தவர். படங்களைப் பார்த்ததும் புத்தகம் போட ஒப்புக்கொண்டார். 1932 டிசம்பரில் வந்தது, 'பாரி த நுய்'. தமிழில் சொன்னால் இரவில் பாரிஸ். முன்னுரை அப்போது பெரிய பெயரான எழுத்தாளர் போல் மொரான். அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள், ஓரத்தில் வெள்ளை விளிம்பே விடாமல், பக்கம் முழுக்கக் கறுப்பு மையில் மூழ்கி எழுந்த மாதிரி அச்சாகியிருந்தன. நோட்டுப் புத்தகம் போல ஸ்பைரல் பைண்டிங் வேறு.

ஒரே புத்தகத்தில் மனுஷர் பிரபலம் ஆகிவிட்டார். லண்டனில் பில் பிராண்ட் இதைப் பார்த்துவிட்டு அதே பாணியில் தன் ஊரின் ராத்திரியை எடுத்து, 1938-ல் புத்தகமாகப் போட்டார். ஹென்றி மில்லர் இவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பாரிஸின் கண் என்று தலைப்பு வைத்தார். அந்தப் பட்டம் கடைசிவரை கூடவே வந்தது.

எல்லோருக்கும் அந்தப் புத்தகம் பிடித்ததா என்றால், இல்லை. மொன்மார்த்ரில் பார் த லா லூன் என்ற மதுக்கடை. அங்கே ஒரு மூலையில் தினமும் வந்து உட்காரும் வயதான பெண். முகத்தில் அப்பிய வெள்ளைப் பவுடர், கழுத்து, கை, விரல் முழுக்கப் போலி நகைகள், முத்துமாலைகள். எல்லோரும் அவரைக் கூப்பிட்ட பெயர் பிஜூ, அதாவது நகை. ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்தவர் என்று பேச்சு. பிராஸாய் அவரைப் படம் எடுத்தார். இன்றைக்கு உலகப் புகழ்பெற்ற படம் அது.

ஆனால், புத்தகத்தில் அந்தப் படத்தோடு இருந்த எழுத்து பிஜூவைப் பரிதாபமாக, கிட்டத்தட்ட ஒரு பேயுரு மாதிரி வர்ணித்தது. அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கொதித்துப்போய் பதிப்பாளரின் அலுவலகத்துக்கே வந்து சத்தம் போட்டார். பணம் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பியதாகப் பிராஸாயே பின்னாளில் எழுதியிருக்கிறார். எழுதியது பிராஸாய் இல்லைதான். ஆனாலும், அந்த மூலையிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்து நிறுத்தியது இவருடைய கேமரா. தெருவில் தெரியாதவங்களைப் படம் எடுத்து, கேப்ஷன் போட்டு ஏற்றுகிற நம்ம எல்லோருக்கும் அந்த அம்மாவின் கோபத்தில் ஒரு பங்கு இருக்கு.

வெளிவராத பெட்டி

'பாரி த நுய்'யில் வந்தவை மேல்தட்டுப் படங்கள். பிராஸாய் உயிரைக் கொடுத்து எடுத்த இன்னொரு தொகுதி இருந்தது. அதில் தெருக்கள் குறைவு, மனுஷர்கள் அதிகம். விபசார விடுதிகள், ரௌடிகள் கூடும் மதுக்கடைகள், அபின் புகைக்கும் அறைகள், அக்கார்டியன் இசைக்கு ஜோடிகள் ஆடும் மலிவான நடன அரங்குகள், ஆண் உடையில் பெண்கள் வரும் ல மொனோக்ல் என்ற கிளப், ஆண்கள் பெண் உடையில் வரும் மேஜிக் சிட்டி நடன விருந்து.

இங்கெல்லாம் ஓரமாக நின்று திருட்டுத்தனமாகப் படம் எடுக்கவே முடியாது. ஏன்னா வெளிச்சம் போதாது. மெக்னீசியம் பவுடரைத் தட்டில் கொட்டிக் கொளுத்த வேண்டும். டமால்! கண் கூசும் ஒரு மின்னல், கூரை முட்டப் புகை. (இந்த வெடிக்காகவே ஓவியர் பிக்காசோ இவருக்குத் தீவிரவாதி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்.) அதற்குப்பிறகு அந்த அறையில் அவர் இருப்பது தெரியாதவர் யார் இருப்பார்? அதனால் முதலில் பழக வேண்டும். பல ராத்திரிகள் சும்மா போய் உட்கார வேண்டும், கூடக் குடிக்க வேண்டும், எல்லோருக்கும் வாங்கிக்கொடுக்க வேண்டும், நம்பிக்கை வர வேண்டும். பிறகு கேட்க வேண்டும். அவர்கள் சரியென்றபிறகுதான் ஸ்டாண்டை விரிப்பார். சில காட்சிகளுக்குத் தன் நண்பர்களையே நடிக்கவும் வைத்திருக்கிறார். இப்போதைய பாஷையில் அது கேண்டிட் கிடையாது. ஆனாலும் அந்த முகங்களைப் பாருங்க. கேமரா இருப்பது தெரிந்தும், அது அங்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்ட முகங்கள் அவை.

ப்ளாஸ் திதலி பக்கம் பெரிய ஆல்பர்ட் என்பவனின் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களைப் படம் எடுக்கக் காசு கொடுத்தார், குடிக்க வாங்கிக்கொடுத்தார். படமும் எடுத்தார். அன்றைக்கு ராத்திரியே அவருடைய பர்ஸ் காணாமல்போனது. போலீஸுக்குப் போகவில்லை. நான் அவர்களிடமிருந்து படத்தை எடுத்தேன், அவர்கள் என்னிடமிருந்து பர்ஸை எடுத்தார்கள், அவரவர் தொழில் அவரவருக்கு என்று விட்டுவிட்டார்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த தொகுதிக்கு என்ன ஆச்சு தெரியுமா? 1930-களின் நடுவில் வேறொரு பதிப்பாளர் அதில் ஒரு பகுதியை வாங்கினார். வெளியே வந்தபோது, தலைப்பு 'வொலுப்தே த பாரி', அதாவது பாரிஸின் சல்லாபங்கள்! மறைத்து வைத்து விற்கிற ரகமான கிளுகிளுப்புப் புத்தகமாக ஆக்கிவிட்டார்கள். நம்பிக் கதவைத் திறந்துவிட்ட மனுஷர்கள் எல்லாம் மலிவான ஒரு தலைப்புக்குக் கீழே கிடந்தார்கள். பிராஸாய் அந்தப் புத்தகத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. தன் நூல்களின் பட்டியலிலிருந்தே தள்ளிவைத்தார். மிச்சப் படங்களைப் பெட்டியில் போட்டு மூடினார். சும்மா சில மாதம், சில வருஷம் இல்லீங்க. கிட்டத்தட்ட 40 வருஷம்.

நடுவில் இருந்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிக்காசோவின் சிற்பங்களைப் படம் எடுத்தார், அந்தப் பழக்கம் ஆயுள் நட்பாச்சு. அமெரிக்காவின் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகைக்காக வருஷக்கணக்கில் வேலை பார்த்தார். பாரிஸ் சுவர்களில் யாரோ கீறிவைத்த முகங்களையும் இதயங்களையும் நோட்டுப் போட்டுக் குறித்துவைத்துப் படம் எடுத்தார். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1956-ல் அதை மட்டுமே வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. அதே வருஷம், மிருகக்காட்சிசாலையில் எடுத்த குட்டிப் படம் ஒன்றுக்குக் கான் விழாவில் பரிசு வாங்கினார். 1948-ல் ஜில்பெர்த்தைக் கல்யாணம் செய்துகொண்டார், அடுத்த வருஷம் பிரெஞ்சுக் குடியுரிமை.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை பாரிஸைப் பிடித்தபோது நடந்ததை மட்டும் சுருக்க மனசு வரவில்லை. ஊரே மூட்டை கட்டித் தெற்கே ஓடியது. பிராஸாயும் போனார். ஆனால், பாரிஸில் விட்டுவந்த நெகட்டிவ்கள்? 1940-லேயே அதற்காகத் திரும்பி வந்தார். எல்லாம் கண்ணாடி. க்ளவுட் பேக்கப் கிடையாது. இன்னொரு காப்பி உலகத்தில் எங்கேயும் கிடையாது. படம் எடுத்து வெளியிட ஜெர்மானியர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். கேட்க மாட்டேன் என்று இருந்துவிட்டார். ராத்திரி விளக்கெல்லாம் அணைந்து, ஊரடங்கில் கிடந்த பாரிஸில், ராத்திரியின் போட்டோகிராபர் கேமராவை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். வரைந்தார். அந்த ஓவியங்களைப் பார்த்த பிக்காசோ, தங்கச் சுரங்கத்தை வைத்துக்கொண்டு உப்பளத்தில் வேலை பார்க்கிறாயே என்கிற அர்த்தத்தில் கடிந்துகொண்டார். ஓவியம் தங்கம், போட்டோ உப்பு! 30 வயசில் பிராஸாயே சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை. ஆனாலும் அவர் உப்பை விடவில்லை. போர் முடிந்ததும் கேமராவுக்கே திரும்பினார்.

1976-ல்தான் அந்தப் பெட்டி திறந்தது. அவருக்கு அப்போது 77 வயசு நெருக்கம். '30-களின் ரகசிய பாரிஸ்' என்று புத்தகம் வந்தது. இந்த முறை கூட இருந்த எழுத்து வேறு யாருடையதும் இல்லை, அவருடையதே. ஒவ்வொரு இடத்துக்கும் எப்படிப் போனார், யார் கூட்டிப்போனார்கள், யார் என்ன பேசினார்கள் என்று நிதானமாக எழுதினார். பிஜூவின் கதை, பர்ஸ் போன கதை எல்லாம் நமக்குத் தெரிவது அதிலிருந்துதான். அதற்குள் விடுதிகள் சட்டப்படி மூடப்பட்டு 30 வருஷம் ஆகியிருந்தது. லே ஆல் சந்தையை ஊருக்கு வெளியே மாற்றி, பழைய மண்டபங்களை இடித்தாச்சு. மேஜிக் சிட்டி இல்லை. படத்தில் இருந்த பலரை இனி யாரும் தேடிப்போய்த் தொந்தரவு செய்ய முடியாது.

கடைசிக் காலத்தில் அவர் கேமராவைவிடப் பேனாவைத்தான் அதிகம் பிடித்தார். இளவயசில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ப்ரூஸ்ட்டுக்கும் போட்டோகிராபிக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது அவர் போனபிறகுதான் வெளிவந்தது. 1984 ஜூலையில், பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் இறந்தார். வயசு 84.

இன்னிக்கு ராத்திரி போன்ல தேடும்போது ஒரு படத்தை மட்டும் விட்டுடாதீங்க. 1930-களின் ஆரம்பத்தில் எடுத்தது. ரூ எமில் ரிஷார் என்ற தெருவில் ஒரு தொழிலாளி நீளமான கோலை உயர்த்தி, கேஸ் விளக்கை அணைக்கிறார். விடியப்போகிறது, பிராஸாய் தூங்கப் போகும் நேரம். அந்தத் தெருவில் ஒரு வீடுகூடக் கிடையாது. இரண்டு பக்கமும் மதில்தான், மொன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தின் மதில். பிராஸாயை அடக்கம் செய்திருப்பது அந்தத் தோட்டத்தில்தான்.